வாக்கி-டாக்கி வாங்கிவிட்டு "காலியான" அலைவரிசை தேடுபவர்களுக்கு

சிங்கப்பூரில் தைப்பூசம் நெருங்கினால் போதும், வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டுவிடுவார்: "அண்ணே, ஆன்லைனில் வாக்கி-டாக்கி மலிவாகக் கிடைக்குது, சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரைக்கும் தொண்டூழியர்கள் பேசிக்கலாமா?" கேட்பதில் தப்பில்லை. கேட்காமலே வாங்கி, பட்டனைத் திருகி, சத்தமே இல்லாத ஓர் எண்ணாகப் பார்த்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பதுதான் வில்லங்கம்.

சத்தம் வரவில்லை என்பதால் அந்த இடம் காலி என்று அர்த்தமில்லை. விஎச்எஃப் (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலி அலைகள்) விஷயத்தில் மற்ற தவறுகளெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. 156.525 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், கப்பல்காரர்களுக்கு அது சேனல் 70. அதில் யாரும் பேசவே கூடாது. ஆபத்தில் சிக்கிய கப்பல் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போகும் டிஜிட்டல் அழைப்புக்காக ஒதுக்கிய இடம் அது. நாள் முழுக்க அமைதியாக இருப்பதுதான் அதன் வேலை, அங்கே போய் "பானக்கம் தீர்ந்துபோச்சு" என்று சொன்னால் எப்படி? விமானங்களின் அவசர அலைவரிசையான 121.5-உம் இப்படி அவசரத்துக்காகக் காத்திருக்கும் இடம்தான்.

சில சேனல்கள் இரண்டு அலைவரிசைகளில் ஓடும். சேனல் 20-இல் கப்பல் 157.000-இல் பேசும், கரையிலிருந்து பதில் 161.600-இல் வரும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு 157-இல் காது வைத்தால் ஒன்றுமே கேட்காமல் போகலாம், ஏனென்றால் விஎச்எஃப் ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகிற அலை, கட்டடம் மறைத்தால் அவ்வளவுதான். ஆனால் உயரமான கோபுரத்தில் இருக்கும் கரை நிலையத்தின் ஆன்டெனாவுக்கு உங்கள் குரல் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. உங்களுக்குக் கேட்காதவருக்கு நீங்கள் கேட்பீர்கள்!

அடுத்தது, "செட்டில் அந்த எண் வருதே, அப்போ பேசலாம்தானே?" என்ற வாதம். மலிவு செட்டுகள் பெரும்பாலும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்தபடியே வரும். அதற்குள் விமானப் பேச்சின் கடைசித் துண்டு, 137–138-இல் வானிலைச் செயற்கைக்கோள்கள், 144-இல் தொடங்கும் அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்காக உரிமம் வாங்கிப் பேசுபவர்கள்), 156-லிருந்து 162 வரை கப்பல்கள், இடையிடையே உரிமம் வாங்கிய நிறுவனங்கள் என்று வரிசையாக ஆள் இருக்கிறது. சிங்கப்பூர் நீரிணையில் மேற்கே சேனல் 73, நடுவில் 14, கிழக்கே 10 என்று பிரித்துக்கொண்டுதான் கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கிறார்கள். 1998 டிசம்பரிலிருந்து பெரிய கப்பல்கள் கட்டாயம் தகவல் சொல்லியாக வேண்டும். அமெச்சூர் உரிமம் வைத்திருக்கும் நண்பர் கூட அதை வைத்துக்கொண்டு கடை வியாபாரத்துக்குப் பேச முடியாது.

யூடியூபில் பார்த்த அமெரிக்க அட்டவணையை நம்புவது இன்னொன்று. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மூன்று வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது. அமெரிக்கா இரண்டாவது, நாம் மூன்றாவது. எந்தச் சேவைக்கு எந்தப் பட்டை என்பதை ஒன்றியம் வகுக்கும், இன்னாருக்கு இந்த எண் என்று இங்கே எழுதிக் கொடுப்பது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் பேசலாம் என்று விற்கும் 462 மெகாஹெர்ட்ஸ் செட் இங்கே செல்லாது, மலேசியாவில் ஓடும் 477-உம் அப்படியே. ஜோகூரும் பாத்தாமும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அண்டை நாடுகளோடு பேசி வைத்துத்தான் எண்களைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. படகு வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்கவும்: செட் யுஎஸ்ஏ முறையில் இருந்தால் இரண்டு அலைவரிசைகளில் ஓடும் பல சேனல்கள் ஒற்றை அலைவரிசைக்கு மாறிவிடும், நீங்கள் கூப்பிடுவது கரைக்குக் கேட்கும், கரையின் பதில் உங்களுக்குக் கேட்காது. இன்டர்நேஷனல் முறைக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

ஒலி 96.8 கேட்கிறோமே, அந்த எஃப்எம் பட்டை 108-இல் முடிந்தவுடனே விமானம் தரையிறங்க உதவும் வழிகாட்டி அலைகள் தொடங்கிவிடுகின்றன, நடுவில் பெரிய இடைவெளி எதுவும் கிடையாது. சொந்தமாக எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் செய்து பார்க்கலாமே என்று ஆசைப்படும் தம்பிகள் கொஞ்சம் யோசிக்கவும்.

சரி, தைப்பூசத்துக்கு என்னதான் செய்வது? விஎச்எஃப்பை விட்டுவிடுங்கள். 446.0 முதல் 446.1 வரை, அரை வாட் சக்தியில், தனி உரிமம் இல்லாமல் பேச இங்கே இடம் உண்டு. ஆணையத்தின் தரநிலைக்கு ஏற்றது என்ற ஒட்டுச்சீட்டு செட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் அரை வாட் சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை எட்டாது, அதனால் நடுவில் ஓர் ஆளை நிறுத்திச் செய்தியைக் கடத்த வேண்டும். முழுத் தூரமும் பேசியாக வேண்டுமென்றால், உரிமத்தோடு வாடகைக்குக் கொடுக்கும் கடைகளில் எடுங்கள், எந்த அலைவரிசைக்கு உரிமம் என்ற தாளையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.