கல் உப்பும் முன்கழுத்துக் கழலையும்

எச்சில் விழுங்கும்போது ஏறி இறங்கிய வீக்கம் ஒன்று என் முன்கழுத்தில் தென்பட்டதும், இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்த மருத்துவர், அது அயோடின் பற்றாக்குறையால் வந்த கழலை என்றார். அயோடின் போதாதபோது பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து தைராய்டை விரட்டி வேலை வாங்குவதால், அது பெருத்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ஊறுகாய் முதல் சாம்பார் வரை அயோடின் சேர்க்காத கல் உப்புதான் (ஆரோக்கியம் என்று அதற்கு இப்போது கூடுதல் விலை வேறு!). பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்பதால், அயோடின் கலந்த தூள் உப்புக்கு மாறி, அதை அடுப்பு வெக்கை படாமல் மூடிய டப்பாவில் வைத்து, குழம்பை இறக்கும் தருணத்தில் சேர்க்கத் தொடங்கினோம். உப்பின் அளவை மட்டும் கூட்டவில்லை. டி.எஸ்.எச். இயல்புக்குத் திரும்பி, வீக்கமும் மெல்ல வற்றியது. வீக்கம் புதிதாகவும் முடிச்சுகள் இன்றியும் இருந்ததால்தான் இது பலித்தது. முடிச்சு விழுந்த நாட்பட்ட கழலை பெரும்பாலும் உப்பை மாற்றுவதால் மட்டும் வற்றுவதில்லை.