மீன் பெட்டியில் மூலிகையும் பூவும்

மதுரை மொட்டை மாடியில் தொட்டிச் செடி கருகுவதற்குப் பல நேரம் காரணம் வேர் வெந்துபோவதுதான். சித்திரை வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காது. அதனால்தான் மீன் வரும் தெர்மாகோல் பெட்டியைச் சொல்கிறேன். ஐஸ் உருகாமல் காக்கும் பெட்டி வேரையும் சூட்டிலிருந்து காக்கும், மாடிக்குப் பாரமும் இல்லை. மீன் கடையில் கேட்டுப் பாருங்கள். ஓரடி ஆழமாவது இருக்கட்டும்.

1. பெட்டி

சோப்புப் போட்டுக் கழுவி, வாடை போகும்வரை வெயிலில் காயவிடுங்கள். அடியில் ஸ்க்ரூ டிரைவரைத் திருகி, விரல் பருமனுக்கு எட்டு ஓட்டை போடுங்கள். கம்பியைச் சூடாக்கிக் குத்த வேண்டாம். தெர்மாகோல் உருகும் புகை ஆகாது. வெயில் பட்டுப் பட்டு வெளிப்புறம் உதிரும் என்பதால் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். தண்ணீர் வடிய, நான்கு செங்கல் மேல் வையுங்கள்.

2. மண்

செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம அளவு. கூட ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு முறை அலசிச் சேருங்கள். கரிசல் மண் பெட்டிக்குச் சரிவராது. நனைந்தால் சேறாகிவிடும், காய்ந்தால் வெடிக்கும்.

3. எதோடு எதை நடுவது

இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கிடைத்த மூலிகையை எல்லாம் ஒரே பெட்டியில் வைத்தால் ஒன்றுக்கு ஊற்றும் தண்ணீர் இன்னொன்றை அழுக வைக்கும். புதினாவுக்கு ஈரம் காயவே கூடாது. அதோடு வேரை ஓடவிட்டுப் பெட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். கற்பூரவல்லியோ நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் கேட்கும். எனவே இந்த இரண்டையும் வெளியே வையுங்கள். விரிசல் விட்ட பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தை வெட்டி அதில் புதினா, பழைய எண்ணெய் டின்னில் கற்பூரவல்லி. அடியில் ஓட்டை இவற்றுக்கும் வேண்டும்.

பெட்டிக்குள் மிதமான தண்ணீரில் வாழ்பவை மட்டும் போதும். மேற்கு ஓரத்தில் சங்குப்பூ விதை இரண்டு. தோல் கெட்டி, உப்புத்தாளில் லேசாக உரசி இரவு முழுக்க ஊறவைத்து ஊன்றுங்கள். கயிறு கட்டி ஏற்றிவிட்டால், சாயங்கால வெயில் மற்ற செடிகள்மேல் விழாமல் கொடியே மறைக்கும். நடுவில் திருநீற்றுப்பச்சிலை. சர்பத்தில் போடும் சப்ஜா இதன் விதைதான்; நாட்டு மருந்துக் கடையில் வாங்கி மண்மேல் தூவினாலே முளைக்கும். கிழக்கு ஓரம் கொத்தமல்லிக்கு. தனியாவைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி இரண்டாக உடைத்து, மார்கழி, தையில் விதையுங்கள். வெயில் ஏறினால் பூத்துவிடும். அந்த வெள்ளைப் பூவையும் ரசத்தில் போடலாம், நல்ல மணம்.

மற்றவற்றை ஆடியில் தொடங்குங்கள். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

4. தண்ணீர்

விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். கத்திரி வெயிலில் காலை, மாலை இரு வேளையும் தேவைப்படலாம், மேலே பச்சை வலையும் கட்டுங்கள்.

5. பறிப்பதும் சாப்பிடுவதும்

திருநீற்றுப்பச்சிலை ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கத்தில் கிளைக்கும். அதன் பூவையும் சாப்பிடலாம். சங்குப்பூவைக் காலையில் பறித்து, பச்சைக் காம்பை நீக்கி, ஐந்தாறு பூவை வெந்நீரில் போடுங்கள். இதழ் வெளிறி, தண்ணீர் கருநீலமாகும். எலுமிச்சை பிழிந்தால் விழுந்த இடத்திலிருந்து ஊதாவாகப் பரவும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆனால் அதன் விதையைத் தின்னக் கூடாது, பேதியாகும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பூத்தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். அரளியும் நித்தியகல்யாணியும் விஷம்; அவற்றை இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள், குழந்தைகள் மாற்றிப் பறித்துவிடுவார்கள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வாங்கும் பூ தலைக்கும் சாமிக்கும்தான், பூச்சிமருந்து தெளித்திருக்கலாம். நர்சரியில் பூத்த நிலையில் வாங்கிய செடி என்றாலும் அந்தப் பூக்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, உங்கள் கையில் புதிதாக வளர்ந்து பூத்ததை மட்டும் சமையலுக்கு எடுங்கள்.