கதவு தட்டும் இரவு: கனடாவில் உங்கள் முதல் ஹாலோவீன்

நாங்கள் டொராண்டோவுக்கு வந்த முதல் வருடம், அக்டோபர் கடைசி வாரம். ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்துவிட்டு என் மாமியார் கவலையோடு கேட்டார்: "அங்க யாராவது தவறிட்டாங்களா?" எதிர் வீட்டுப் புல்தரையில் மூன்று கல்லறைக் கற்கள் முளைத்திருந்தன. நடுவில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கற்கள் தெர்மோகோல், கை பிளாஸ்டிக் என்று கிட்டப்போய்ப் பார்த்துச் சொன்ன பிறகும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. "காசு கொடுத்து வாங்கி வாசல்லயா வைப்பாங்க?"

அடுத்த கூத்து 31ஆம் தேதி சாயங்காலம். ஆறரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு எலும்புக்கூடு, ஒரு கடற்கொள்ளையன், இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு தேனீ. "டிரிக் ஆர் ட்ரீட்!" (மிட்டாய் தருகிறாயா, இல்லை குறும்பு செய்யட்டுமா?) என்று பெரிய இரண்டும் கத்தின. தேனீ பையை மட்டும் நீட்டியது. வீட்டில் மிட்டாய் என்று ஒன்றும் இல்லை. கைக்குக் கிடைத்த மேரி பிஸ்கட்டை ஆளுக்கு நாலாகக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டேன். தேனீயின் அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பொட்டலம் பிரித்த எதையும் பெற்றோர் குப்பையில்தான் போடுவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கூச்சத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினால், அவர் சிரித்துக்கொண்டே திறக்கும் நாள் வருடத்தில் இது ஒன்றுதான். புதிதாக வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய மிட்டாய் வேறு இல்லை.

இது என்ன பண்டிகை என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது கொண்டாடிய விழா ஒன்று உண்டு. அன்றைக்கு இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவே உள்ள திரை மெலிந்துவிடும் என்று நம்பினார்கள். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு எல்லாப் புனிதர்களின் பெருவிழா. அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நம் ஊரில் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்களே, அதே நாள்தான். இப்போது இங்கே நடப்பதில் மதம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு வேஷம், பெரியவர்களுக்குச் செலவு. விடுமுறையும் கிடையாது, பள்ளியும் அலுவலகமும் வழக்கம்போல நடக்கும். மத நம்பிக்கை காரணமாக வேண்டாம் என்று ஒதுங்கும் குடும்பங்களும் நிறைய உண்டு, நம்மவர்களிலும் உண்டு. யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சில பள்ளிகள் வேஷத்துக்குப் பதிலாக ஆரஞ்சும் கறுப்பும் உடுத்தி வந்தால் போதும் என்று சொல்லிவிடுகின்றன. என்ன ஏற்பாடு என்பதைப் பள்ளியிலிருந்து வரும் மின்னஞ்சலில் பாருங்கள்.

ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும்: வாசல் விளக்கு. எரிந்தால் வாருங்கள் என்று அர்த்தம், அணைந்திருந்தால் வேண்டாம் என்று அர்த்தம். மிட்டாய் வாங்கவில்லையா, அல்லது தீர்ந்துவிட்டதா? விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போங்கள். நீங்கள் போகும்போதும் இருட்டான வீட்டைத் தாண்டிப் போய்விடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழே அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். எந்தெந்த வீட்டில் மிட்டாய் கொடுப்பார்கள் என்று பெயர் எழுதும் தாள் சில கட்டடங்களில் ஒட்டியிருப்பார்கள். இல்லையென்றால் பக்கத்தில் தனி வீடுகள் உள்ள தெருவுக்குப் போகலாம். அங்கே குடியிருந்தால்தான் போகலாம் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மிட்டாய் வாங்கும்போது இரண்டு விஷயம். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் அடைத்து வரும் சின்ன அளவு, பெரிய பெட்டியாகக் கிடைக்கும். அதில் வேர்க்கடலை இல்லாத பெட்டியாகப் பார்த்து எடுங்கள். கடலை ஒவ்வாமை இங்கே விளையாட்டு இல்லை. பள்ளிகளில் அதைப் பற்றி எவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று போகப் போகப் பார்ப்பீர்கள். சில வீட்டு வாசலில் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒரு பூசணி இருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அங்கே பொம்மை, பென்சில் மாதிரி தின்பண்டம் அல்லாத பொருள் கிடைக்கும் என்பது அதன் பொருள். இரண்டாவது, சைவம் சாப்பிடுபவர்களுக்கு. பிசுபிசுவென்று இழுபடும் கம்மி மிட்டாய்களிலும் மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்தது. பிள்ளைகள் கொண்டுவரும் பையில் இது நிச்சயம் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் எதையும் பிரிக்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். அப்புறம் நடுத்தெருவில் அழுகையைச் சமாளிக்க வேண்டாம்.

வேஷத்துக்கு வருவோம். புதிதாக வந்தவர்கள் செய்யும் தவறு, ஐம்பது டாலர் கொடுத்து ஒரு இரவுக்கான உடையை வாங்குவது. வேல்யூ வில்லேஜ் போன்ற பழைய துணிக் கடைகளில், போன வருடம் ஒரே ஒரு நாள் உடுத்திய உடைகள் வரிசையாகத் தொங்கும். டாலராமா என்ற மலிவு விலைக் கடையில் தொப்பி, இறக்கை, முகச்சாயம் கிடைக்கும். எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே ஜாக்கெட் நுழைய வேண்டும். அக்டோபர் கடைசியில் இருட்டிய பிறகு ஐந்தாறு டிகிரிக்கு இறங்குவது சாதாரணம், மழையும் சேர்ந்துகொள்ளும். மேலே ஜாக்கெட் போட்டால் இளவரசி காணாமல் போய்விடுவாள், பிறகு வழியெல்லாம் சண்டைதான். முகமூடியைவிட முகச்சாயம் நல்லது, கண் மறைக்காது. முந்தின நாளே கையில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுங்கள்.

வீட்டிலேயே செய்த வேஷத்துக்கு இங்கே தனி மரியாதை உண்டு. இரண்டாவது வருடம் என் மகன் பேயாகப் போக ஆசைப்பட்டான். வீட்டில் வெள்ளைத் துணி என்றால் அவன் அப்பாவின் பழைய வேட்டிதான். கத்தரிக்கோலை எடுத்ததும் மாமியார், "மயில்கண் வேட்டியிலயா ஓட்டை போடுற?" என்று பதறிவிட்டார். பேச்சுவார்த்தை நடந்து, நைந்துபோன ஒன்றைக் கொடுத்தார். கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டால் துணி நகர்ந்து பிள்ளை தடுக்கி விழும். அதனால் முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி வெட்டி, கரை தரையில் புரளாமல் கணுக்காலுக்கு மேலே மடித்துத் தைத்தோம். பச்சையும் சிவப்பும் கலந்த மயில்கண் கரையோடு ஒரு பேய் தெருவில் நடந்து போனதைப் பார்த்து, மூன்றாவது வீட்டுத் தமிழ்த் தாத்தா, "அட, இது நம்மூர்ப் பேய்!" என்றார்.

தவிர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. இறகுத் தலைப்பாகை வைத்த 'செவ்விந்தியர்' வேஷம் வேண்டவே வேண்டாம். இந்த நிலத்தின் பூர்வகுடி மக்களின் பிள்ளைகள் உங்கள் பிள்ளையின் வகுப்பிலேயே இருக்கலாம். முகத்தில் கறுப்பு பூசி வேறு இனத்தவராக வேஷம் போடுவதும் அப்படித்தான். நம் உடையும் வேஷம் இல்லை என்பது என் கட்சி. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று வந்தன. விளக்கேற்றி, முறுக்கைக் கொறித்துவிட்டு, பட்டுப்பாவாடையோடு அப்படியே கிளம்பிவிட்டாள் மகள். ஒரு வீட்டில் பாட்டி, "நீ எந்த நாட்டு இளவரசி?" என்று கேட்க, "இது வேஷம் இல்ல, இன்னைக்கு எங்களுக்குத் தீபாவளி" என்று இங்கிலீஷில் ஒரு பிரசங்கமே நடத்தினாள். இரண்டு சாக்லேட் கூடுதலாகக் கிடைத்தது வேறு விஷயம்.

இனி பயம். நாலைந்து வயதுப் பிள்ளைக்கு இந்த அலங்காரமெல்லாம் உண்மையிலேயே பயமாக இருக்கும். பள்ளிக்குப் போகும் வழியில் திடீரென்று சிரிக்கும் மண்டை ஓடு, மரத்தில் தொங்கும் உருவம். என் மகள் ஒரு வாரம் அந்தத் தெரு வழியே நடக்கவே மறுத்தாள். எங்களுக்குக் கைகொடுத்தது நூலகம்தான்.

டொராண்டோ பொது நூலக அட்டை இலவசம். புத்தகம் 21 நாள் வைத்திருக்கலாம், தாமதமானால் அபராதமும் இப்போது இல்லை. அக்டோபர் பிறந்ததும் பிள்ளைகள் பகுதியில் பேய்ப் புத்தகங்களைத் தனியாக அடுக்கி வைப்பார்கள். ஆனால் இரண்டாவது வாரத்தில் அந்த அடுக்கு காலி. செப்டம்பரிலேயே இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். மூன்று வயதுக்குப் பூசணி, கறுப்புப் பூனை, தூக்கிப் பார்க்கும் மடிப்புகள் உள்ள கெட்டி அட்டைப் புத்தகம். ஐந்தாறு வயதுக்கு, தன் நிழலைப் பார்த்துத் தானே பயப்படும் பேய் மாதிரியான வேடிக்கைக் கதைகள். எட்டு வயதுக்கு மேல் உண்மையாகவே முதுகு சிலிர்க்கும் கதைகளைக் கேட்பார்கள், நீங்கள் ஒருமுறை படித்துவிட்டுக் கொடுங்கள்.

முதல் தடவை பகலில் படியுங்கள். பக்கத்தைத் திருப்பும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். பயமாக இருந்தால் புத்தகத்தை மூடும் உரிமை அவளுக்கு உண்டு என்று சொல்லுங்கள். என் மகள் முதல் நாள் இரண்டாம் பக்கத்திலேயே மூடினாள். நாலாவது நாள் அவளே எலும்புக்கூட்டின் மூக்கில் விரலை வைத்து, "இதுக்கு மூக்கே இல்ல, சளி பிடிக்காது" என்றாள். அதோடு அந்தத் தெரு சரியாகிவிட்டது. இன்னொரு லாபமும் உண்டு. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு, சூனியக்காரி, துடைப்பம், வௌவால், கொப்பரை என்று அந்த மாதம் முழுக்க வகுப்பில் புழங்கும் சொற்கள் எல்லாம் இந்தப் புத்தகங்களில் ராகத்தோடு திரும்பத் திரும்ப வரும். வகுப்பில் முழிக்க வேண்டியதில்லை.

புத்தகம் முடிந்த பிறகு விளக்கை அணைத்துவிட்டு நம் கதை ஒன்று. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் வயல்வெளியில் இரவில் நெருப்பு மிதந்து போகும், அதுதான் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள். சதுப்பு நிலத்து வாயு எரிவது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த பிறகும் அந்தப் பக்கம் யாரும் போனதில்லை. ஆங்கிலேயர்களும் அதே மிதக்கும் நெருப்பைத்தான் ஒரு காலத்தில் 'ஜாக் ஓ லாண்டர்ன்' என்றார்கள். இப்போது வாசலில் முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்த பூசணிக்கும் அதே பெயர். அயர்லாந்துக் கதையில் ஜாக் என்பவன் சாத்தானையே ஏமாற்றியவன். செத்த பிறகு சொர்க்கமும் சேர்க்கவில்லை, நரகமும் சேர்க்கவில்லை. சாத்தான் எறிந்த ஒரு கொள்ளிக்கட்டையைக் குடைந்த டர்னிப் கிழங்குக்குள் வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறானாம். கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "திரிசங்கு கையில லாந்தர் கொடுத்த மாதிரி" என்று முடித்தார். அமெரிக்கக் கரைக்கு வந்த பிறகுதான் டர்னிப் இருந்த இடத்துக்குப் பரங்கிக்காய் வந்தது.

காயில் கோர முகம் என்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. கட்டுகிற வீட்டுக்கு முன்னால் நாக்கைத் துருத்திய முகம் வரைந்து பூசணிக்காயைத் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுவதில்லையா? இங்கே அதையே பரங்கிக்காயில் செதுக்குகிறார்கள். ஆனால் 28, 29ஆம் தேதிக்கு முன்னால் கத்தியை எடுக்காதீர்கள். ஆர்வக் கோளாறில் நாங்கள் இரண்டு வாரம் முன்பே செதுக்கி வைத்தோம். ஒரு கண்ணை அணில் தின்றது, மிச்ச முகம் பூஞ்சை பிடித்து உள்ளே சரிந்தது. உள்ளே எடுக்கும் விதையைக் கழுவி, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டி ஓவனில் வறுத்தால் அருமை. செதுக்கும் பெரிய காயில் கூட்டு வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நாரும் தண்ணீருமாக இருக்கும். கூட்டுக்குச் சின்னக் காய் தனியாக வரும். உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வையுங்கள். நீளத் துணி கட்டிய பேய்கள் குனிந்து பார்க்கும் இடம் அது.

31ஆம் தேதி சீக்கிரம் சாப்பாடு கொடுத்து, ஆறு மணி வாக்கில் கிளம்புங்கள். எட்டு மணிக்குத் தெரு அடங்கிவிடும். பையாகத் தலையணை உறை போதும். கையில் டார்ச், முதுகில் ஒளி பட்டால் மின்னும் பட்டை. யார் வீட்டுக்குள்ளும் போகக்கூடாது, வாசலோடு சரி. ஆளில்லாமல் கிண்ணத்தில் மிட்டாய் வைத்திருந்தால் ஒன்று மட்டும். பிள்ளைகள் படியேறும்போது நீங்கள் நடைபாதையில் நின்று போனைப் பார்க்காமல் கையசையுங்கள். இந்தப் பக்கம் புதிதா, எந்த வீடு என்று வீட்டுக்காரர்களே பேச்சை ஆரம்பிப்பார்கள். பனி அள்ளும் மண்வாரியை எங்கே மலிவாக வாங்கலாம் என்பதில் தொடங்கி, நல்ல குடும்ப மருத்துவர் வரைக்கும் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த நடைபாதையில் கிடைத்தது.

மறுநாள் கடைகளில் மிட்டாய் பாதி விலை. பூசணியை உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் போடலாம். டொராண்டோவின் சொராரன் பூங்காவில் நவம்பர் 1 இரவு, அக்கம்பக்கத்தார் செதுக்கிய பூசணிகளை எல்லாம் கொண்டுவந்து வரிசையாக விளக்கேற்றி வைப்பார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள், கார்த்திகை தீபம் ஞாபகம் வரும்.

அந்தத் தேனீ இப்போது நாலாம் வகுப்பு. ஒவ்வொரு வருடமும் அவள் அம்மா எங்கள் கதவைத் தட்டி, "இந்த வருஷம் பிஸ்கட் இல்லையா?" என்று கேட்காமல் போவதில்லை. அன்றைக்குக் குப்பையில் போடவில்லையாம். நடந்துகொண்டே தானே தின்றுவிட்டாராம், மூன்று பொட்டலத்திலும் இருந்த பன்னிரண்டையும்.