இணைப்பு தரும் நிறுவனமும் நம் சம்மதமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளம்பரத்துக்காக இணையதளம் ஒன்று நம்மைக் கவனிப்பதும், நமக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனமே கவனிப்பதும் ஒன்றுதான் என்று நினைக்கிறோமே, முதல் தவறு அதுதான். தளம் பிடிக்கவில்லை என்றால் மூடிவிட்டு வேறு தளத்துக்குப் போய்விடலாம். ஆனால் அந்த வேறு தளத்துக்கும் அதே இணைப்பு வழியாகத்தான் போக வேண்டும்.

பிரிட்டனில் 2006, 2007 ஆண்டுகளில் பிடி (BT) என்ற இணைப்பு நிறுவனம், ஃபார்ம் (Phorm) என்ற விளம்பர நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைத் தன் வாடிக்கையாளர்கள் சிலரின் இணைப்பில் சோதித்தது. அவர்கள் திறந்த பக்கங்களை வழியிலேயே படித்து, எதில் ஆர்வம் என்று பிரித்து, அதற்கேற்ற விளம்பரம் காட்டுவதுதான் திட்டம். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதைய பிரிட்டன் சட்டத்தில் இதற்கு இடம் தரும் ஓட்டை ஒன்று இருந்தது. சம்மதம் இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தாலே இடைமறிப்பது குற்றமில்லை என்றது அது. ஐரோப்பிய ஆணையம் 2009-இல் பிரிட்டன் மீது நடவடிக்கை தொடங்கியது. 2011-இல் அந்த வாசகம் நீக்கப்பட்டது. இந்தத் திருத்தத்தை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். சம்மதத்தை யாரும் ஊகித்துக்கொள்ளக் கூடாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

“பெயரா எடுக்கிறார்கள், வெறும் எண்தானே” என்று சமாதானமாகிவிடுவது அடுத்த தவறு. ஐரோப்பாவின் 2002-ஆம் ஆண்டு மின்தொடர்புத் தனியுரிமை ஆணை, தகவல்தொடர்பின் ரகசியத்தையே காக்கிறது. சம்பந்தப்பட்ட பயனர்களின் சம்மதம் இல்லாமல் ஒட்டுக்கேட்கவோ சேமிக்கவோ கூடாது என்கிறது. ஆகவே ஆள் யார் என்று தெரிந்ததா என்பதற்கு முன்பே, எதற்காகப் பிரித்துப் பார்த்தாய் என்ற கேள்வி வந்துவிடுகிறது. பயனர்கள் என்ற பன்மையையும் கவனியுங்கள். பில் ஒருவர் பெயரில் இருக்கும். அதே வைஃபையில் வீட்டில் எல்லோரும், வந்த விருந்தாளியும்கூட இருப்பார்கள். பில் கட்டுகிறவர் ‘சரி’ என்று அழுத்தினால் அது மற்றவர்களின் சம்மதம் ஆகிவிடாது.

விலகும் வசதி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பல இடங்களில் அது பொருத்தமான விளம்பரத்தை மட்டுமே நிறுத்தும், தகவல் சேகரிப்பு பாட்டுக்கு நடக்கும். விலகியதைக் குக்கீயில், அதாவது தளங்கள் நம் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்பில், குறித்துவைத்திருந்தால், குக்கீகளை அழித்ததும் அந்தக் குறிப்பும் போய்விடும். அமெரிக்காவில் வெரைசன் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் 2012 இறுதியில் தொடங்கிய முறை இன்னும் மோசம். போனிலிருந்து கிளம்பிய, மறையாக்கம் செய்யப்படாத, அதாவது வழியில் யாரும் படிக்கக்கூடிய, பக்கக் கோரிக்கைகளில் நெட்வொர்க்கிலேயே ஓர் அடையாள எண்ணை ஒட்டி அனுப்பியது. எண் போனிலேயே இல்லை, அப்புறம் எதை அழிப்பது? ஒரு விளம்பர நிறுவனம் அந்த எண்ணை வைத்து, மக்கள் அழித்த குக்கீகளுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2016-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டில் வெரைசன் 13.5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது; வெளியாருக்கு அந்த எண்ணைத் தர முன்கூட்டியே சம்மதம் வாங்கவும் ஒப்புக்கொண்டது.

பிரவுசரில் இருக்கும் இன்காக்னிட்டோ என்ற தனிப்பட்ட முறை இதற்கு உதவாது. அது உங்கள் கருவியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். முகவரியின் தொடக்கத்தில் ஹெச்டிடிபிஎஸ் (https) என்று இருந்தால், அந்த மறையாக்கம் பக்கத்தின் உள்ளடக்கத்தை மறைக்கும், ஆனால் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது இணைப்பு நிறுவனத்துக்குப் பெரும்பாலும் தெரியும். ஒரு நோய்க்கான உதவித் தளத்தின் பெயர் மட்டும் தெரிந்தாலே எவ்வளவு தெரிந்துவிடுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

புது இணைப்பு வாங்கும்போது, ஏற்கெனவே டிக் அடித்து வைத்த கட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். அப்படிப்பட்ட டிக் சம்மதமே ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல் குக்கீ வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது அங்கே 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் நாட்டுச் சட்டம் எப்படி இருந்தாலும் கணக்குக்குள் போய், விளம்பர விருப்பங்கள் பகுதியை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரே கணக்கில் நாலு எண்கள் இருந்தால் நாலுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். திட்டம் மாற்றிய பிறகு இன்னொரு முறை.