ஆர்மேனிய வெள்ளியை விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள்: கைவினைப் பரிசு வாங்குவோர் செய்யும் தவறுகள்

ஆர்மேனியத் தலைநகர் யெரெவான் போகிறவர்கள் ஊர் திரும்புவதற்கு முன் எப்படியும் எட்டிப் பார்க்கும் இடம் வெர்னிசாஜ் சந்தை. குடியரசுச் சதுக்கத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வெள்ளி மோதிரம், மாதுளை டாலர், ஸ்கார்ஃப், கம்பளம், மரச் சதுரங்கப் பலகை என்று வார இறுதியில் மேசை மேசையாக விரித்திருப்பார்கள். முதல் தவறு அங்கேயே நடக்கிறது: கண்ணில் படுவதெல்லாம் கைவேலை என்று நம்பிவிடுகிறோம். ஒரே அச்சில் வார்த்த மாதுளை பல கடைகளில் தொங்கும். துருக்கி, கிரேக்கம் எங்கும் விற்கிற நீலக் கண் மணியும் அந்தக் குவியலில் இருக்கும். "இது கைவேலையா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. "இதில் எந்த வேலையைக் கையால் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். செய்தவர் என்றால் உற்சாகமாக விளக்க ஆரம்பித்துவிடுவார். வாங்கி விற்பவர் பேச்சை விலைக்குத் திருப்புவார்.

பட்டு ஸ்கார்ஃப் வாங்கும்போது இந்தக் கேள்வி கட்டாயம் வேண்டும். இடைக்காலச் சுவடிகளில் வரும் பறவை வடிவ எழுத்துகளும் ஓரத்துக் கொடிகளும் துணியில் அழகாக இறங்கும். ஆனால் பெரும்பாலும் அது டிஜிட்டல் அச்சு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. கையால் வரைந்ததற்கான விலையை அச்சுக்குக் கொடுத்தால்தான் நஷ்டம். விளிம்பைப் பிடித்துப் பாருங்கள். கையால் சுருட்டித் தைத்த ஓரம் சற்று உருண்டு, தையல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மெஷின் ஓரம் தட்டையாகப் படிந்து கிடக்கும்.

ஊசி லேஸ் வேறு ரகம். ஊசியும் நூலும் மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளையத்தையும் முடிச்சுப் போட்டே கட்டுவார்கள். உற்றுப் பார்த்தால் வளையத்தின் அடியில் கடுகைவிடச் சிறிய முடிச்சு தெரியும். குரோஷாவில் அது இருக்காது. அந்த முடிச்சினால்தான் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிரிந்துகொண்டே போவதில்லை. உள்ளங்கை அகலத் துண்டுக்கே நாள் கணக்கில் ஆகிற வேலை இது. மேசைவிரிப்பு அளவில் சல்லிசாகக் கிடைக்கிறது என்றால் அது ஊசி லேஸ் அல்ல, அவ்வளவுதான்.

வெள்ளியில் நம் ஆட்கள் தேடுவது 925 முத்திரை. அது இல்லாவிட்டால் போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சோவியத் காலத்தில் 875 தரம் பரவலாக இருந்தது. ஆயிரத்தில் 875 பங்கு வெள்ளி. பழைய மோதிரத்தில் அந்த எண் இருந்தால் பயப்பட வேண்டாம். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது மெல்கியோரிடம். செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், நம்மூர் ஜெர்மன் சில்வருக்கு உறவு. பழைய கம்பி வேலை நகைகள் பல இதில் வந்தவை. பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் ஒரு பொட்டு வெள்ளி கிடையாது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவருக்குக் காது அரித்தெடுக்கும்.

வாங்கி வந்த பிறகு நடக்கும் தவறுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது. கருத்த வெள்ளியைக் கண்டால் நம் வீடுகளில் விபூதி வரும், அல்லது பற்பசை வரும். குத்துவிளக்குக்குச் சரி. ஆர்மேனிய வெள்ளியில் பல வேலைகளுக்கு அந்தக் கருப்புதான் உயிர். மாதுளையை எடுத்துக்கொள்ளுங்கள்: மேடான முத்துகள் வெண்மையாக மின்ன, இடுக்குகளைக் கந்தகச் சேர்மத்தால் வேண்டுமென்றே கருக்க வைத்திருப்பார்கள். அந்த நிழல் இருப்பதால்தான் முத்துகள் தனித்தனியாகத் தெரிகின்றன. வெள்ளிக் கழுவு திரவத்தில் முக்கி எடுத்தால் மொத்தமும் வெளுத்து, மாதுளை வெறும் உருண்டையாகிவிடும். தெருமுனை நகைக்கடையில் பாலிஷுக்குக் கொடுத்தாலும் இதே கதிதான், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், மேடான இடங்களில் மட்டும் மெல்லிய துணி, அப்புறம் நன்றாக ஈரம் போகத் துடைத்து ஜிப் கவரில் போடுவது, இவை போதும். இன்னொரு வகையில் வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்த்து உருக்கிய கருப்புக் கலவையைச் செதுக்கிய கோடுகளுக்குள் நிரப்பியிருப்பார்கள். இன்று துருக்கியில் இருக்கும் 'வான்' என்ற நகரத்து வெள்ளித் தட்டார்கள் இதற்குப் பேர்போனவர்கள். இது மேல்பூச்சு அல்ல, ஆழமாகவே இருக்கும். ஆனாலும் தேய்க்கத் தேய்க்கக் கோடு மழுங்கும்.

அப்சிடியன் என்பது எரிமலைக் கண்ணாடி, ஆர்மேனியாவில் ஏராளம். கண்ணாடி என்பதால் கீழே விழுந்தால் உடையும், உடைந்த விளிம்பு கத்திதான். கருப்பு, செம்பழுப்பு, வெள்ளி மினுக்கம் சரி. தெளிந்த நீலமாக இருந்தால் அநேகமாகத் தொழிற்சாலைக் கண்ணாடி.

பரிசாகக் கொடுப்பவர்கள் சின்னத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மாதுளை என்றால் வளம், குழந்தைப்பேறு. கல்யாணத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சுழலும் சக்கரம் போன்ற நித்தியச் சின்னமும் அப்படியே. ஐந்து இதழுள்ள ஊதாப் பூ பிரோச் அப்படியல்ல. ஒட்டோமான் ஆட்சியில் ஆர்மேனியர்களுக்கு நேர்ந்த 1915 இனப்படுகொலையின் நூற்றாண்டு நினைவாக 2015-ல் வந்த அடையாளம் அது. நினைவு நாளான ஏப்ரல் 24 அன்று அணிந்துகொள்வது மரியாதை. பிறந்தநாள் பரிசாக ஒரு ஆர்மேனியரிடம் நீட்டினால் அவர் என்ன சொல்வதென்று தெரியாமல் விழிப்பார். ஆர்மேனியர்கள் தங்கள் அடையாளமாகப் போற்றும் அராராத் மலை பொறித்த டாலரைப் பார்த்துவிட்டு "இது துருக்கியில்தானே இருக்கிறது?" என்று கேட்பதையும் தவிர்த்துவிடலாம். அவர்களுக்கு அது தெரியாததல்ல.

ஆர்மேனிய எழுத்தில் பெயர் டாலர் செய்யக் கொடுக்கிறவர்கள் கவனிக்க. 405-ம் ஆண்டளவில் துறவி மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் அமைத்த அதே எழுத்துகள்தான், பின்னால் சேர்ந்த ஓரிரண்டு தவிர, இன்றும். ஆனால் உச்சரிப்பில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு வழக்கு. யெரெவானில் 'பிரியா'வில் வருவது போல 'ப' என்று வல்லினமாகப் படிக்கும் எழுத்தை, பெய்ரூட்டிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ உள்ள மேற்கு வழக்குக்காரர் 'பானு'வில் வருவது போல மெலிதாகப் படிப்பார். யெரெவானில் மெலிதாகப் படிக்கும் எழுத்தில் நேர் தலைகீழ். பிரியாவும் பானுவும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெயரை எழுதி மட்டும் அனுப்பாமல் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புங்கள். கழுத்தில் போடப்போகிறவர் எந்த வழக்குக்காரர்களோடு பழகுகிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆர்மேனிய மொழியின் முதல் பத்திரிகையான அஸ்தரார் இதே எழுத்துகளில் 1794-ல் அச்சானது நம் சென்னையில் என்பதால், இந்த டாலரில் நமக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

கடைசியாக, பழைய கம்பளமோ பழைய வெள்ளி இடுப்புப் பட்டையோ பிடித்துப்போனால், பணம் கொடுப்பதற்கு முன் ஏற்றுமதி அனுமதிச் சான்று பற்றிக் கேளுங்கள். பழம்பொருட்களை அரசு அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு எடுத்துவர முடியாது. புதிய கம்பளம் என்றால் புதியது என்று காட்டும் பில்லும் சான்றும் வாங்கி, பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.