கேஸ் கட்டில் மணி பார்ப்பது எப்படி

காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ ஒரு கொலை விழுந்தால், மறுநாளே "ஆள் சிக்கிட்டான், ஒத்துக்கிட்டான்" என்று செய்தி வந்துவிடும். கையில் மாவுக்கட்டோடு படமும் வரும். பிடிபட்டவர்தான் செய்தாரா என்ற சந்தேகம் இருந்தால், அந்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஓரமாக வையுங்கள். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. கேஸ் கட்டில், அதாவது வழக்குக் காகிதங்களில், பார்க்க வேண்டியது ஒவ்வொன்றும் நடந்ததாக எழுதியிருக்கும் மணி.

குற்றப்பத்திரிகை, சாட்சி வாக்குமூலம், மகஜர் (சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் பறிமுதல், இடக் குறிப்பு) எல்லாவற்றின் நகலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசம், பி.என்.எஸ்.எஸ். (குற்ற வழக்குகளுக்கான புதிய நடைமுறைச் சட்டம்) 230-ஆம் பிரிவில் 14 நாள் கெடு இருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேளுங்கள். நகல் வந்ததும் நீளமான தாளில் தேதி, மணி, என்ன நடந்தது, எந்தப் பக்கம் என்று நான்கு பத்தி போட்டு, ஒவ்வொரு காகிதத்தையும் மணி வரிசையில் ஏற்றுங்கள்.

எஃப்.ஐ.ஆரில் இரண்டு மணி இருக்கும். ஒன்று ஸ்டேஷனில் பதிந்தது. மற்றொன்று, அது கைக்கு வந்தபோது மாஜிஸ்திரேட் கையால் குறித்தது. பலர் இந்த இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை. தண்டையார்பேட்டையிலிருந்து ஜார்ஜ் டவுன் கோர்ட் எவ்வளவு தூரம்? காலை 7 மணிக்குப் பதிந்தது இரவு 9 மணிக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், நடுவில் ஏ3, ஏ4 (மூன்றாவது, நான்காவது குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவர்கள்) பெயர்கள் நுழைந்தனவா என்று கேட்க இடம் உண்டு. தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டினால் கோர்ட் ஏற்றுக்கொள்ளும். காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்). அடிபட்டவரைக் கொண்டுவந்தவர் டூட்டி டாக்டரிடம் முதலில் சொன்னது அதில் இருக்கும். "அடையாளம் தெரியாத மூன்று பேர்" என்று அங்கே இருந்து, எஃப்.ஐ.ஆரில் அப்பன் பெயரோடு ஆள் பெயர் இருந்தால், அந்த வரியைச் சிவப்பில் அடிக்கோடிடுங்கள்.

ரெக்கவரியில்தான், அதாவது ஆள் காட்டிய பொருளைப் பறிமுதல் செய்வதில்தான், கேஸ் நிற்கும், அல்லது விழும். "என்னை அழைத்துச் சென்றால் கத்தியை எடுத்துக் காட்டுகிறேன்" என்று அந்த ஒப்புதலில் வரும் பகுதி மட்டும், பொருள் கிடைத்தால், சாட்சியமாகச் செல்லும். கைது, வாக்குமூலம், பறிமுதல் மூன்றுக்கும் அதே இரண்டு மகஜர் சாட்சிகளா? அவர்கள் எந்த ஏரியா, அங்கே என்ன வேலை? பறிமுதலை வீடியோ எடுக்கச் சொல்கிறது பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவு, எடுத்தார்களா? மகஜரில் உள்ள மணிக்கே அந்த வழியில் ஒருமுறை போய்வாருங்கள். கன்டெய்னர் லாரிகள் நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையை ஜீப் இருபது நிமிடத்தில் கடந்ததாக எழுதியிருந்தால், அது காகிதத்தில் மட்டும் நடந்த பயணமாக இருக்கலாம்.

கைது மணியை எளிதில் நம்பாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதால், கூட்டிப்போன நேரத்தைத் தள்ளி எழுதுவது உண்டு. ஆளைக் கூட்டிப்போன இரவே கமிஷனருக்கு வீட்டார் அனுப்பிய மின்னஞ்சல், 100-க்குப் பேசிய அழைப்பு, தெருமுனைக் கடையின் கேமரா பதிவு ஆகியவை பிறகு பேசும். உடம்பில் காயம் இருந்தால் ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். புழல் சிறைக்குள் போகும்போது டாக்டர் எழுதும் காயக் குறிப்பையும் வாங்குங்கள். ஸ்டேஷன் கேமரா பதிவை 18 மாதம் வைக்க வேண்டும் என்றது 2020 டிசம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனாலும் பத்திரப்படுத்தச் சொல்லி உடனே மனு போடுங்கள். அதே ஆண்டு சாத்தான்குளம் ஸ்டேஷனில் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை மாஜிஸ்திரேட் விசாரணை கண்டது.

சாட்சி ஆளை அடையாளம் காட்டும் அணிவகுப்புக்கு முன்பே பிடிபட்டவரின் படம் டிவியில் வந்திருந்தால், அந்தத் தேதியையும் தாளில் சேருங்கள்.

போலீஸ் தப்பு செய்ததாலேயே ஆள் நிரபராதி ஆகிவிட மாட்டார்; நேரில் பார்த்த சாட்சி உறுதியாக நின்றால், விசாரணைக் குறையை மட்டும் வைத்துக் கோர்ட் விடுவிக்காது. அதனால் தாளில் ஒட்டாத மணிகளைச் சாட்சிவாரியாகப் பிரித்து, குறுக்கு விசாரணைக்கு முன்பே வக்கீலிடம் கொடுங்கள். முரண்பாட்டை முதலில் சாட்சியிடமே கேட்க வேண்டும், பிறகுதான் இன்ஸ்பெக்டரிடம். சாட்சி கூண்டில் நின்றபோது கேட்காமல் விட்டதை, கடைசியில் இன்ஸ்பெக்டர் ஏறும்போது கேட்டுப் பயனில்லை.