மூக்கடைப்புக்கு மூலிகை மாத்திரை: எங்கே தவறு செய்கிறோம்?

ஒவ்வாமையால் விடியற்காலையில் அடுக்கடுக்காக வரும் தும்மல் பினாங்கில் பல வீடுகளுக்குப் பழகிய ஓசை. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று மாத்திரை வாங்கும் உறவினர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

இரண்டே நாளில் அடைப்பும் அரிப்பும் மாயமாகிவிட்டால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். பாரம்பரிய மருந்து என்று விற்கப்பட்ட சில பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். உண்மை தெரிந்ததும் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்துதான். உடல் தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும். டப்பாவை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

இரவுச் சந்தையிலோ வாட்ஸ்அப்பிலோ வாங்கும் முன் டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். போலி எண்ணும் அச்சிடுகிறார்கள். ஆகவே தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் அதைத் தேடிச் சரிபாருங்கள்.

வெங்காயத்தில் உள்ள, மாத்திரையாகவும் விற்கப்படும் குவர்செட்டின் என்னும் தாவரச் சத்து இப்போது எல்லார் வாயிலும் அடிபடுகிறது. ஒவ்வாமையைக் கிளப்பும் ஹிஸ்டமின் வெளிப்படுவதை அது ஆய்வுக்கூடத்தில் தடுக்கிறது. ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. பெரும்பாலும் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களிடம் நடந்தவை. நம்மைப் படுத்துவதோ, ஈரக்காற்றில் மெத்தைக்குள் பெருகும் தூசி உண்ணி. மாத்திரைக்குக் கொடுக்கும் பணத்தில் முதலில் தலையணைக்கும் மெத்தைக்கும் உண்ணி புகாத உறை வாங்குங்கள். விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

லிட்டில் இந்தியாக் கடைகளில் கிடைக்கும் நம் சொந்தச் சரக்குகளுக்கும் இதே கவனம் வேண்டும். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் சத்து மாத்திரையையும் குவர்செட்டினையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் மூலிகையை நம்பி இன்ஹேலரை ஒதுக்குவதுதான் எனக்கு மிகவும் அச்சம் தருவது. மூச்சு வாங்கிப் பேச முடியாமல் திணறினால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். நிவாரண இன்ஹேலரைக் கொடுத்துவிட்டு 999-ஐ அழையுங்கள்.